ஆல் சீசன் டயர்

"அப்ப சீசன் முடிஞ்சதும் இதைக் கழட்டி வச்சிரணுமா?" என்று கேட்டார் ஜெபதுரை.

வத்தலக்குண்டு டயர் கடைக்காரர் திருமலைச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த சீசன் சார்?"

"சீசன்னா சீசன்தான். ஏப்ரல், மே."

கொடைக்கானல்காரர்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு சீசன்தான் உண்டு. டூரிஸ்ட்டுகள் வந்து குவிகிற அந்த இரண்டு மாதம் போக, மீதிப் பத்து மாதமும் ஆஃப் சீசன். மலையில் ஒருத்தன் 'சீசன் ஓட்டுறான்' என்றால் டாக்சி ஓட்டுகிறான் என்று பொருள். பூகோள வாத்தியாரான ஜெபதுரைக்கு வேறு பருவங்களும் உண்டு என்று தெரியும். கடையில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சார், பட்டன் டயர் போட்டா சேத்துல பிடிக்கும், ஆனா தார் ரோட்டுல கூப்பாடு போடும். கோடு போட்டது சத்தமில்லாம ஓடும், மழையில வழுக்கும். இது புதுசு. மழை, வெயில், பனி எல்லாத்துக்கும் ஆகும். அதான் ஆல் சீசன்."

ஜெபதுரை மூன்றையும் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், யாரும் கவனிக்காதபோது மோந்தும் பார்த்தார். ஆல் சீசனில் நான்கு வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார்.

காரணம் இருந்தது. அவருடைய 1958 பியட்டின் பழைய டயர்கள் மொழுமொழுவென்று வழுக்கையாகி, போன மாதம் பெருமாள்மலை வளைவில் வண்டி பின்னாலேயே நழுவியது. மனைவி கித்தேரியம்மாள் அன்று இறங்கியவர்தான், இன்னும் ஏறவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையோ திண்டுக்கல்லிலிருந்து மகள் சகாயராணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை டிரான்ஸ்போர்ட் லைனில் பெரிய ஆபீசர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆபீசர் வீட்டாருக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று ஜெபதுரை கடிதத்தில், 'வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கார் அனுப்பி வைக்கிறேன்' என்று எழுதிவிட்டார். கார் தானாக வராது, தானேதான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் உபதேசியாரிடம் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம வண்டி இப்ப ஆல் சீசன், தெரியுமா?"

உபதேசியார் அதைப் பால்காரரிடம் சொன்னார். பால்காரர் ஊருக்கே ஊற்றினார். "வாத்தியார் இனி வருசம் பூரா சீசன் ஓட்டுறாராம்!"

சனிக்கிழமை வெள்ளனே, டயரைச் சோதித்துப் பார்க்க ஜெபதுரை பூம்பாறை ரோட்டில் வண்டியை விட்டார். ஈரத் தாரில் பிரேக் போட்டார். வண்டி நின்றது. மறுபடியும் ஓட்டி மறுபடியும் போட்டார். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை அவராகப் போடவில்லை. குறுக்கே ஓர் அம்மாள் கையை நீட்டி நின்றார், அதனால் போடவேண்டியதாயிற்று.

"நீங்கதான் ஆல் சீசன் வாத்தியாருங்களா? நான் கவுஞ்சி பொன்னுத்தாய். பஸ்ஸு தவறிப்போச்சு. மூணு மூட்டை பூண்டு கெடக்கு, கமிஷன் கடையில எறக்கணும். வெரசாப் போங்க."

"ஏம்மா, இது டாக்சி இல்லம்மா."

"எல்லாம் அப்படித்தான் சொல்லுவாக. ஏத்துங்க."

பாரம் ஏற்றிப் பார்த்தால்தானே டயரின் லட்சணம் தெரியும் என்று ஜெபதுரை மனதைச் சமாதானம் செய்துகொண்டார். டயர் பிரமாதமாகத் தாங்கியது. கடை வாசலில் மூட்டையைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தபோது எதிரே பள்ளிக்கூடத் தாளாளர் பாதர் வந்தார்.

"என்ன ஜெபதுரை, லீவுன்னா இதுதான் சோலியா?"

"இல்ல பாதர், டயர் டெஸ்ட்..."

"நல்லது, நல்லது. உழைச்சுச் சாப்பிடுறதுல ஒண்ணும் கேவலமில்ல" என்று பாதர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆறுதல் சொன்னதுதான் ஜெபதுரையைக் கொன்றது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், வெள்ளை வேட்டி, சால்வை, மரியாதை எல்லாம் ஒரு பூண்டு மூட்டையில் போயிற்றே!

வீட்டுக்கு வந்தால் அட்டுவம்பட்டிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள், பழனிக்குப் போக என்ன கேட்பீர்கள் என்று விசாரிக்க.

"மானம் போகுது கித்தேரி! என்னைய டிரைவராக்கிட்டானுக."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். முதல்ல வண்டியைக் கழுவுங்க, பூண்டு நாத்தம் குடலைப் புடுங்குது."

ஜெபதுரை கழுவினார். பிறகு வாத்தியார் புத்தி வேலை செய்தது. ஒரு கரும்பலகைத் துண்டில் சாக்பீஸால், 'இது டாக்சி அல்ல' என்று மணிமணியாக எழுதி முன் பம்பரில் கட்டினார்.

"பெயிண்டுல எழுதப்படாதா?" என்றார் கித்தேரியம்மாள்.

"சாக்பீஸ் போதும். எழுத்து எப்படி இருக்கு பாரு!"

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கும்போது மழை விட்டிருந்தது, ரோடெல்லாம் சேறும் தண்ணீரும். டயர்கள் ஒரு வளைவில்கூட நழுவவில்லை. ஆனால் அவற்றின் ஆழமான பள்ளங்கள் சேற்றை அள்ளி அள்ளி வீசின. பலகையின் வலது முனை சக்கரத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டு வந்து சேர்ந்தபோது 'அல்ல' சேற்றுத் தண்ணீரில் அழிந்துபோயிருந்தது. மிச்சம் இரண்டு வார்த்தையும் பளிச்சென்று இருந்தன.

பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யாக் கூடையோடு ஒரு பெரியவரும், ஓர் அம்மாளும், சட்டையை இன் பண்ணிய இளைஞர் ஒருவரும் நின்றிருந்தார்கள். பெரியவர் பலகையை வாசித்தார்.

"ஜெபதுரை வாத்தியார் அனுப்புன டாக்சிங்களா? நான் மரியசூசை. இவன் என் மகன் சிலுவைராஜ், மாப்பிள்ளை. இது என் தங்கச்சி இசபெல்லா."

ஜெபதுரை குனிந்து பலகையைப் பார்த்தார். நான்தான் பெண்ணின் அப்பா என்று சொன்னால், காரில் ஏன் டாக்சி என்று எழுதியிருக்கிறது என்பார்கள். வாத்தியார் டாக்சி ஓட்டுகிறார் என்று திண்டுக்கல் வரை போய்விடும். முதல் வளைவில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஆமாங்க, ஏறுங்க" என்றார்.

முதல் வளைவு வந்தது. இரண்டாவதில் சொல்லலாம் என்று விட்டார்.

"டிரைவரண்ணே, அந்த வாத்தியார் எப்படிப்பட்ட மனுசரு?" என்று பின்சீட்டிலிருந்து இசபெல்லா கேட்டார்.

இப்போது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், "தங்கமான மனுசருங்க" என்றது.

"ரொம்பக் கெடுபிடின்னு தரகர் சொன்னாரே?"

"சேச்சே! பச்சைப்புள்ள மாதிரி."

"ஆள் தராதரம் பாப்பாரா? ஒங்கள மாதிரி டிரைவருககிட்டல்லாம் மரியாதையாப் பேசுவாரா?"

ஜெபதுரைக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக, டிரைவர் என்று சொன்னவர்களையெல்லாம் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தவர் அவர். இருந்தாலும் சொன்னார்: "டிரைவரைக் கூட உக்கார வச்சுச் சோறு போடுற வீடுங்க அது."

பின்சீட்டில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்சீட்டில் மாப்பிள்ளை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் வலது காலைத் தரையில் அழுத்தினார். பாவம், ஆபீசருக்கு மலைப்பாதை பயம் போலிருக்கிறது என்று ஜெபதுரை வேகத்தைக் குறைத்தார்.

"ஒங்களுக்குப் பிள்ளைக எத்தனைண்ணே?" என்றார் மரியசூசை.

"ஒரே பொண்ணுங்க."

"கட்டிக்குடுத்தாச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கு."

"கவலைப்படாதீக, மாதா புண்ணியத்துல நல்ல எடமா அமையும்."

ஜெபதுரைக்குக் கண் கலங்கியது. இனி உண்மையைச் சொல்ல வழியே இல்லை. தன்னைத் தானே புகழ்ந்தாயிற்று, சம்பந்தியை ஏமாற்றியும் ஆயிற்று. வெள்ளி அருவி தாண்டும்போது ஒரு யோசனை உதித்தது. இவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் பின்பக்கமாக ஓடி, கோட்டும் சால்வையும் போட்டுக்கொண்டு முன்கதவு வழியாக, "வாங்க வாங்க" என்று வந்துவிடவேண்டியது. முகம்? பனிமூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டு வாசலில் வண்டி நின்றது. பனிமூட்டம் சுத்தமாக விலகி வெயில் அடித்தது. ஜெபதுரை கொய்யாக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் ஓடினார். கோழிக்கூண்டு வரைதான் போகமுடிந்தது.

"ஏங்க!" கித்தேரியம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. "சம்பந்தி வீட்டாளுகள வாசல்ல நிறுத்திப்புட்டு, பொண்ணோட அப்பா எங்க கோழிக்கூண்டுக்கு ஓடுறீக?"

கூண்டுக்குள் கோழிகள் கூப்பாடு போட்டன.

ஜெபதுரை திரும்பி வந்தார். காது மடல் வரை எரிந்தது. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே இறங்கிவிடத் தயாராக இருந்தார். ஜன்னலில் சகாயராணியின் முகம் தெரிந்தது. அவளை அவரால் நிமிர்ந்து பார்க்கமுடியவில்லை.

"மன்னிச்சிருங்க" என்றார் கைகூப்பி. "நான்தான் ஜெபதுரை. டாக்சிக்காரன்னு சொல்லிருவாங்களோன்னு ரெண்டு நாளா வெக்கப்பட்டேன். அந்த வெக்கத்துல ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். என் தப்புக்கு என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிராதீங்க."

மரியசூசை தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிலுவைராஜின் முகம் ஜெபதுரையின் முகத்தைவிடச் சிவந்திருந்தது. முடிந்தது, மூன்றாவது வரனும் போயிற்று என்று ஜெபதுரை நினைத்தபோது, இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீங்க ஏண்ணே கும்புடுறீக? தரகர் சொன்ன டிரான்ஸ்போர்ட் ஆபீசர் திண்டுக்கல் ஸ்டேஷன்ல டாக்சிதான் ஓட்டுறான், இதை வாத்தியார் வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு மலை ஏறுற வரைக்கும் நாங்க மூணு பேரும் செத்துச் செத்துப் பொழச்சோம்!"