சிவப்புத் துணி கட்டிய முளை

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். நான் படியில் கால் வைத்ததும் எவன் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கிறானோ, அவனிடம் டிக்கெட் இல்லை. தூங்குகிறவன் குறட்டை விட்டால் டிக்கெட் இருக்கிறது. குறட்டை இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை. இப்படி ஊரையே சலித்தெடுத்தவனை ஒரு முழக் குச்சி கவிழ்த்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் அப்பா விட்டுப்போன ஒண்ணரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போட்டேன். போட்டேன் என்றால், நான் வரப்பில் நின்று யோசனை சொன்னேன், மனைவி போட்டாள். இதில் ஒரு சிக்கல். ஊருக்கு நடுவில் வாய்க்கால். என் வீடு இந்தக் கரையில், நிலம் அந்தக் கரையில், கம்பவுண்டர் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால். கம்பவுண்டர் வீடு அந்தக் கரையில், அவர் நிலம் இந்தக் கரையில், என் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால். பாலம் அரை மைல் தள்ளி. தினமும் காலையில் என் மனைவி கூடையோடு அங்கே போவாள், கம்பவுண்டர் மனைவி கூடையோடு இங்கே வருவாள். வழியில் பாலத்தில் சந்தித்து, ஆளுக்கொரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பேசுவார்கள்.

"ரெண்டு பேரும் நிலத்தை மாத்திக்கிட்டா என்னங்க? அதே அளவு, அதே மண்ணு."

"அவர் வந்து கேட்கட்டும்."

"நீங்க போய்க் கேட்டா என்ன?"

"என் மரியாதை என்ன ஆகிறது?"

"என் முழங்கால் என்ன ஆகிறது?"

ஆறு வருஷம் இந்தப் பேச்சு நடந்தது. கம்பவுண்டர் வீட்டிலும் இதே பேச்சு, ஒரு வார்த்தை மாறாமல் நடந்ததாகக் கேள்வி. எங்கள் ஊரில் முதலில் வாய் திறந்து கேட்பவன் இறங்கிப்போனவன். நானும் இறங்கவில்லை, அவரும் இறங்கவில்லை. இறங்கியதெல்லாம் இரண்டு பெண்களின் முழங்கால்தான்.

அப்போதுதான் எண்ணெய்க் கம்பெனி ஜீப் வந்தது. மூன்று நாள் ரோட்டோரமாகக் கம்பி போட்டு, பூமியைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். பூமி அவர்களிடம் என்ன சொன்னதோ தெரியாது. ஊர் நிறையச் சொன்னது. சலூன் நாற்காலியில் வெண்டைக்காய்க்காரனாக உட்கார்ந்தவன் எண்ணெய்க் கிணற்று முதலாளியாக எழுந்தான். நிலம் கொடுத்தவனுக்கு மாடி வீடு என்றார் ஒருவர். மாடி வீடு இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது, எல்லாம் கறுத்துவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் சலூன்காரர் கத்தியை என் தொண்டையில் நிறுத்தி விஷயத்தை அவிழ்த்தார்.

"செக்கர் சார், சிவப்புத் துணி கட்டின முளை எங்க இருக்கோ, அங்கதான் கிணறு. நம்பிக்கையான இடத்துச் செய்தி."

பாதி ஷேவிங்கோடு வீட்டுக்கு வந்து கொல்லைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கம்பவுண்டர் நிலத்தின் நட்ட நடுவில் ஒரு முளை. அதன் தலையில் சிவப்புத் துணி.

"அது எப்போ வந்தது?"

"எதுங்க?" என்றாள் மனைவி. "ஓ, அதுவா? ரெண்டு நாளா நிக்குது. அவங்க நிலத்துல என்ன நின்னா நமக்கென்ன?"

"கம்பவுண்டர் பார்த்தாரா?"

"அவர் எங்க இந்தப் பக்கம் வர்றாரு? அந்தம்மாதான் வருது. பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

"நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஆமாம், நிலத்தை மாத்திக்கலாம்னு சொல்லிட்டே இருந்தியே..."

"ஐயோ, இப்ப எதுக்கு? நடந்து பழகிப்போச்சு."

"உன் முழங்கால்?"

"தேவலைங்க."

"தேவலையா? படி ஏறும்போது முனகுறியே, எனக்குக் காது இல்லையா?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முழங்காலுக்காக வாதாடினேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அரை மணி நேரம் போராடி ஜெயித்தேன். ஜெயித்த தெம்பில் மிச்ச ஷேவிங்கையும் முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

கம்பவுண்டர் அவர் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க செக்கர் சார்! உங்களைப் பார்க்கத்தான் கிளம்பிட்டிருக்கேன்."

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. வீட்ல முழங்கால் வலி தாங்கலைன்னு..."

"எங்க வீட்லயும் அதேதான் சார்."

"அதனால..."

"அதனால..."

நிலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். யார் முதலில் கேட்டது என்ற பிரச்சினையே வரவில்லை. பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷ அனுபவம் அங்கேயே விழித்திருக்க வேண்டும். ஆனால் நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வாரத்தில் பத்திரம் பதிவானது. சாட்சிக் கையெழுத்து, இரண்டு மனைவிகளும்.

நாலு மாதம் காத்திருந்தேன். முளையைச் சுற்றிப் பாத்தி கட்ட வேண்டாம் என்று மனைவிக்கு உத்தரவு போட்டேன். அவளும் தட்டாமல் கேட்டாள். அதுவாவது எனக்கு உறைத்திருக்கலாம். நடுநடுவே மனசு குத்தியது. பக்கத்து மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று சோறு இறங்காது. அப்புறம் மாடி வீட்டை நினைத்துக்கொள்வேன், இறங்கும்.

ஜீப் மறுபடியும் வந்தபோது ரோட்டை மறித்து என்ஜினியரை வீட்டுக்கு இழுத்து வந்தேன். காபி கொடுத்து, கொல்லையைக் காட்டினேன்.

"இந்த ஊர்ல ஒண்ணும் இல்லைங்க. கிணறு நாப்பது மைல் தள்ளிப் போகுது," என்றார்.

"அப்போ அந்த முளை?"

"நாங்க இந்த நிலத்துல இறங்கவே இல்லையே ஐயா."

அவர் போனதும் முளையைப் பிடுங்கினேன். துணியின் ஓரத்தில் கொக்கி தைத்திருந்தது. ரவிக்கைக் கொக்கி.

நான் கொக்கியும் கையுமாக நிற்கும்போது, ஜீப் வந்த செய்தி கேட்டு கம்பவுண்டர் தன் மனைவியோடு வந்து சேர்ந்தார். வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"செக்கர் சார், உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன். முளை நட்டிருக்காங்க, கிணறு வரும், நெருப்புப் பிடிக்கும், தண்ணி கறுக்கும்னு வீட்ல சொன்னா. பயந்துபோய் நிலத்தை உங்க தலையில கட்டிட்டேன். நாலு மாசமாத் தூக்கம் இல்ல."

"அழாதீங்க சார். கிணறு வரும்னு தெரிஞ்சுதான் நான் வாங்கினேன். எனக்கும் சோறு இறங்கல."

இருவரும் சேர்ந்து திரும்பினோம். இரண்டு பெண்களும் கொல்லைப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காயைக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார் நட்டது?"

"குச்சி அவங்களுது. துணி என்னுது," என்றாள் என் மனைவி, தலை நிமிராமல்.

"சலூன்காரருக்கு யார் சொன்னது?"

"அவர் சம்சாரம். அவங்களுக்கு நான்."

"உங்க செக்கருக்கு ஆசை ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரருக்குப் பயம் ஜாஸ்தி," என்றாள் கம்பவுண்டர் மனைவி. "ரெண்டுக்கும் ஒரே குச்சி போதும்னு முடிவு பண்ணோம்."

கோபம் வர வேண்டும். வரவழைத்தும் பார்த்தேன். ஆனால் நாலு மாதமாக நான் ஆறிப்போன சோறு சாப்பிடவில்லை. அவள் படி ஏறும்போது முனகவில்லை. மத்தியானம் சமையலை முடித்துவிட்டுப் பாத்தி ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பாடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஆறு வருஷம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு அவளை நடக்கவிட்டவன் நான். என்னை ஏமாற்றியாவது எனக்கு நல்லது செய்ய ஒருத்தி இருக்கிறாளே என்று தோன்றியது.

"ரொம்ப நன்றிடி," என்றேன். கம்பவுண்டர் எதிரிலேயே சொன்னேன்.

அவள் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்படின்னா இன்னொண்ணு இருக்குங்க," என்றாள்.

"என்ன?"

"இப்ப ரெண்டு பேரும் பாலத்துக்கே போறதில்ல. நாங்க பேசிக்க வழியில்லாமப் போச்சு. கொல்லைக்கு நேரா வாய்க்கால்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு பலகைப் பாலம் போட்டா..."

மறுநாள் விடிந்ததும் நானும் கம்பவுண்டரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டை அடித்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை வதந்திக்குக்கூடக் காத்திருக்கவில்லை.