லசானியா செய்கிற வீட்டுக்காரர்

உலகத்தில் சமைக்கத் தெரிந்த ஆண்கள் உண்டு, தெரியாத ஆண்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒருநாள் சமைக்கிற இனம். மற்ற நாளெல்லாம் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்த ஒருநாளிலும் ரசம், பொரியல் என்று சின்ன விஷயங்களில் கை வைக்காது. செய்தால் லசானியாதான். அது என்ன என்கிறீர்களா? மைதாத் தகடு ஒன்று, அதன்மேல் கொத்துக்கறி, அதன்மேல் வெள்ளை சாஸ், அதன்மேல் சீஸ், மறுபடியும் தகடு என்று மாடி மாடியாகக் கட்டி வேகவைக்கிற இத்தாலிக்காரர்கள் சமாச்சாரம்.

திண்டிவனத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ் இந்த இனத்தின் அசல் பிரதிநிதி. மனைவி கலையரசி பள்ளிக்கூட டீச்சர். அஞ்சு நாள் பள்ளிக்கூடம், ஏழு நாளும் அடுப்படி. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள் வந்தது.

"அன்னிக்கு நீ அடுப்படிக்குள்ள காலே வைக்கக்கூடாது. உங்க அண்ணனையும் அண்ணியையும் சாப்பிட வரச் சொல்லிட்டேன். நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று அறிவித்துவிட்டார். கலையரசிக்கு நிஜமாகவே சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை.

லசானியா செய்கிற வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தார், பாண்டிச்சேரி வரை பைக்கில் போய்த் தகடு வாங்கி வந்தார், டியூப் லைட் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டினார், "சிம்பிள்தாங்க, நம்ம லேடீஸ்தான் சமையலப் பெருசா சொல்லிக்கினு இருக்காங்க" என்று விளக்கமும் கொடுத்தார். ஞாயிறும் விடிந்தது.

"ஏங்க, அண்ணன் இன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் கலையரசி.

"உங்க அண்ணன் வயித்துக்கு நான் பொறுப்பு. நீ உக்காரு."

உட்கார்ந்தாள்.

"கலை, சாஸுக்கு மைதா எங்க?"

எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள்.

"நீ எதுக்கு எழுந்து வர்ற? எங்க இருக்குன்னு சொன்னா நானே எடுத்துக்க மாட்டேனா?"

எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் துவரம்பருப்பு இருக்கும், பிஸ்கட் டப்பாவில் கடுகு இருக்கும். வெங்காயம் கண்ணை எரித்தபோது ஒரு தடவை எழுந்தாள், சாஸ் கட்டி தட்டியபோது ஒரு தடவை, கறியைக் கழுவ ஒரு தடவை, அவர் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி கேட்டபோது ஒரு தடவை. பதினெட்டாவது தடவை எழுந்தபோது மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"காலண்டரப் பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கெழம. கறிக்கடையில நின்ன எனக்குத் தெரியாதா? நடுவுல பேசாத, அளவு தப்பிப்போயிடும்."

போய் மறுபடியும் உட்கார்ந்தாள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு வீடியோவே வழி சொல்லியிருந்தது. பெரிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைக்க வேண்டும். வீட்டிலிருந்த ஒரு கிலோ உப்பையும் கொட்டினார். குக்கரோடு நின்று ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

ஒன்றரை மணிக்கு விழுப்புரத்திலிருந்து மைத்துனர் சீனுவாசன் மனைவியோடு வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பை.

"வர்ற வழியில மயிலத்துல சாமி பாத்துட்டு வர்றோம் மாப்ள. கிருத்திகை இல்ல? காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. எல போட்டா உக்காந்துடுவோம்."

குக்கருக்குள்ளே முக்கால் கிலோ ஆட்டுக்கறி மாடி மாடியாக வெந்துகொண்டிருந்தது. ஆனந்தராஜ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு வார்த்த சொல்லவே இல்லியே கலை?"

கலையரசிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் எதிரில் இரண்டையும் விழுங்கிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுப்பைக் கழுவினாள், குளித்துவிட்டு வந்தாள், முக்கால் மணி நேரத்தில் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் அப்பளமும் தயார். உப்பு ஜாடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டிச் சாம்பாரில் போட்டாள்.

லசானியா என்ன ஆயிற்று? ஆனந்தராஜ் மட்டும் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். தகடு கடக்கென்றது. "இது ஆறினாத்தான் டேஸ்ட்டு" என்று மூடிவைத்துவிட்டு, மைத்துனருக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டபோது, நின்று பரிமாறிக்கொண்டிருந்த பிறந்தநாள்காரியை நிமிர்ந்து பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"சாம்பார்ல உப்புதான் கொஞ்சம் கம்மி."

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமே இல்லை என்கிறீர்கள். ரொம்பச் சரி, நம்புகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: உங்கள் வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது? உள்ளே யாரையும் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது.