அந்த ஓட்டுக்கு ஒரு நாற்காலி

முன்வரிசையில் சிவப்புத் துணி விரித்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். தையல்காரரின் மடியில் பாதியும் காற்றில் பாதியுமாகப் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க டாக்டர். இது எனக்குப் போட்ட நாற்காலி."

"உங்க பேரு எழுதியிருக்கா?"

"அந்த ஒரு ஓட்டைப் போட்டவருக்குன்னு எழுதியிருக்கு. போட்டவன் நான்."

"நீங்களா? நல்லா இருக்கே! போட்டது நான்யா!"

மண்டப வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த மூத்தவர் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். குடைத் தண்ணீர் அவர் செருப்புக்குள் இறங்கியது.

அன்று அந்தத் தொகுதிக்குக் கடைசி விழா. எல்லைகளைத் திருத்தி வரைந்தவர்கள் தொகுதியை மூன்றாகக் கிழித்து, அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். புதிய வரைபடத்தில் இந்த மண்டபத்தின் மேடை ஒரு தொகுதியிலும், கழிப்பறை இன்னொரு தொகுதியிலும் விழுந்திருந்தன. காலையிலிருந்து விடாத மழை. வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரியே முகத்தை வைத்திருந்தார்கள்.

மேடையில் திரைக்குப் பின்னால் ஒரு கல். தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவர்கள் அத்தனை பேரும் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருந்தார்கள். ஜெயித்த பிறகு ஊர்ப் பக்கமே வராதவர் ஒருவர். எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று பெற்ற மகளே காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர். அவர்களைப் பற்றி நல்ல குடும்பங்களில் பேசுவதில்லை.

முதல் வரி மூத்தவரின் தகப்பனாருக்கு உரியது. தொகுதியின் முதல் உறுப்பினர். பள்ளிக்கூட நண்பரையே எதிர்த்து நின்று ஒரே ஒரு ஓட்டில் வென்றவர். அவர் பெயருக்குக் கீழே மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'சொன்ன சொல் தவறாதவர்.'

"மத்தவங்களுக்கு இல்லாதது இவருக்கு மட்டும் எதுக்கு சார்?" என்று விழாக் குழுச் செயலாளர் கேட்டபோது, மூத்தவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "மத்தவங்களுக்குப் பொருந்தாது" என்றார். செயலாளர் மறுபேச்சுப் பேசவில்லை.

பேசாததற்குப் பழிவாங்குவது போல அந்த நாற்காலி யோசனையைக் கொண்டுவந்தவரும் செயலாளர்தான். சரித்திரத்தையே மாற்றிய ஓட்டு. போட்டவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? யார் அவர் என்று கேட்டதற்கு, தையல்காரர் என்று மூத்தவர் சந்தேகமில்லாமல் சொன்னார். அப்பா தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னதை அவரே கேட்டிருக்கிறார்: "வெளிய சொல்லிக்காதீங்க. நீங்க போட்ட அந்த ஒரு ஓட்டுலதான் நான் நிக்கறேன்."

அப்பா அதையே பல் டாக்டரிடமும் சொல்லியிருப்பார் என்று மூத்தவருக்குத் தோன்றவில்லை. பெரியவர்களைப் பற்றி அப்படியெல்லாம் தோன்றக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அவர்.

"இன்னொரு நாற்காலி கொண்டு வாங்க" என்றார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. இரண்டாவது நாற்காலியைக் கண்டதும் மூன்றாவது வரிசையிலிருந்து முடிவெட்டுகிறவர் எழுந்தார்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். தொகுதியே போகப்போகுது, இனிமே எதுக்கு மறைக்கணும்? அந்த ஓட்டு என்னோடது."

அவருக்குப் பின்னால் தபால்காரர். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரரும் அவர் அண்ணனும், தங்களுக்குள்ளேயே முறைத்துக்கொண்டு. அத்தனை பேரும் ஒரு தலைமுறைக் காலம் வாயைத் திறக்காமல் ரகசியம் காத்தவர்கள். நாற்காலிகள் வந்துகொண்டே இருந்தன. தலைமை தாங்க வந்த இப்போதைய உறுப்பினர் உட்கார இடமில்லாமல், ஈரக் காலோடு தூணில் சாய்ந்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் தோற்றுப்போன நண்பரின் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். வயது எண்பதுக்கு மேல். மூத்தவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி வாங்கம்மா."

"எனக்கு எதுக்குத் தம்பி? தோத்தவர் வீடு. பின்னாடியே இருந்துக்கறேன்."

தோற்ற பக்கம் என்றாலும் இடம் பொருள் தெரிந்தவர் என்று மூத்தவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிறகு மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அந்த ஓட்டைப் போட்டவர் இப்ப உயிரோட இல்லை. அவர் நினைவா நாற்காலி காலியாவே இருக்கட்டும்."

முன்வரிசை முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது. ஆனால் செத்துப்போனவர்களின் வீட்டார் எழுந்துவிட்டார்கள். "எங்க மாமாதான் அது!" "உங்க மாமா எங்க போட்டாரு? எங்க பெரியப்பா!" நடுவரிசையில் ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். அவள் அப்பா போன மாதம்தான் போயிருந்தார். சாகும்போதுகூட அந்த ஓட்டைப் பற்றித்தான் பேசினாராம்.

மூத்தவரின் மனைவி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.

"எல்லாரோட ஓட்டும்தான்னு சொல்லிட்டு இறங்குங்களேன்."

சொன்னார்.

பல் டாக்டர் முன்னால் வந்தார். "அப்ப உங்க அப்பா எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பொய் சொன்னாரா?"

அழுதுகொண்டிருந்த பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

செயலாளர் மூத்தவரின் காதோரம் குனிந்தார். "சார், சொன்ன சொல் தவறாதவர்னு கல்லுல இருக்கு. இவங்க அதைப் படிச்சா விடமாட்டாங்க. கொத்தனார் உளியோட பின்னாடிதான் நிக்கறாரு. அந்த ஒரு வரியை மட்டும் கொத்தி எடுத்துடச் சொல்லட்டுமா?"

நிலம் போயிற்று, பெரிய வீடு போயிற்று, நாளைக்குத் தொகுதியும் போகிறது. அந்த ஒரு வரியும் போய்விட்டால் அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

அவர் ஒலிபெருக்கியை மறுபடி இழுத்துக்கொண்டார்.

"கேளுங்க. இதுவரைக்கும் வெளிய சொன்னதில்லை. அந்த ஓட்டு உங்க யாரோடதும் இல்லை. எங்க அப்பாவோடது. தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்கிட்டார். சாவடியிலேர்ந்து வந்ததும் என்கிட்டதான் முதல்ல சொன்னார்: 'நானே எனக்குப் போட்டுக்கிட்டேன்டா, அதுல என்ன வெட்கம்'னு. அந்த ஒரு ஓட்டு இல்லேன்னா ஜெயிச்சிருக்க முடியாது. உங்ககிட்டயெல்லாம் அப்படிச் சொன்னது உங்க மனசு குளிரட்டும்னு. உண்மையில எங்க குடும்பம் இந்தத் தொகுதியில ஒருத்தருக்கும் கடன்படலை!"

தையல்காரர் மெல்லத் தலையாட்டினார்.

"அவர் ஓட்டுக்கு நாம எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?"

"அதுவும் சரிதான்" என்றார் பல் டாக்டர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "இருந்தாலும் நானும் போட்டேன்."

நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. சிவப்புத் துணி போட்டது மட்டும் மிஞ்சியது. செயலாளர் மூத்தவரையே அதில் உட்காரவைத்தார். உறுப்பினர் கயிற்றை இழுத்தார். திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கொத்தனார் வந்து உளியால் விடுவித்தார். கல் தெரிந்தது. கைதட்டல் கேட்டது. மூத்தவர் முதுகு நாற்காலியில் படாமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலையும்போது, பின்வரிசையிலிருந்த அந்த அம்மா கைத்தடியோடு மெல்ல நடந்து கல்லருகே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். 'சொன்ன சொல் தவறாதவர்' என்ற இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மூத்தவர் எழுந்து நின்று, பெருமையோடு காத்திருந்தார்.

"ஓட்டுப் போடற அன்னிக்குக் காலையில உங்க அப்பா எங்க வீட்டுக்கு வந்து, 'தனக்குத்தானே போட்டுக்கறது நமக்கு மரியாதையில்லடா, நான் உனக்குப் போடறேன், நீ எனக்குப் போடு'ன்னு கையில அடிச்சுச் சொல்லிட்டுப் போனாரு தம்பி, எங்க வீட்டுக்காரர் சொன்னபடியே போட்டுட்டாரு."