ஆரஞ்சு மரத்துப் புல்லுருவி

புத்தரி அறுவடைத் திருநாளுக்கு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்றார் குட்டப்பா மாமா. என் மனைவி தீச்சம்மாவின் தாய்மாமன். ஓய்வு பெற்ற சுபேதார், பிரம்மச்சாரி. அறுவடை முடிந்தது. காபி பூத்தது. மழை பிடித்துக்கொண்டது. மாமா மட்டும் என் அடுப்போர நாற்காலியை விட்டு அசையவில்லை. குடகு மழையில் அடுப்போரம் இல்லாதவன் அரை மனிதன். தோட்டத்தில் காளான் முளைத்த அன்று சபதம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாமா பஸ் ஏறியாக வேண்டும்.

நேராகச் சொன்னால் தீச்சம்மா என்னை பஸ் ஏற்றிவிடுவாள். வீடு அவளுடையது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை குடிபோகும் வழக்கம் எங்களுக்கு உண்டு. பதினேழு வருஷத்துக்கு முன் பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். ஆகவே தீர்ப்பை அவள் வாயாலேயே வரவழைக்கத் திட்டமிட்டேன். கல்யாணத்துக்கு முன் அவள் மடிக்கேரியில் அறிவியல் டீச்சர். அது எனக்குச் சாதகம் என்று நினைத்தது என் புத்திசாலித்தனம்.

ஞாயிறு காலை, ஆரஞ்சு மரத்தில் ஒட்டியிருந்த புல்லுருவிக் கொத்தை ஒடித்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"இது எப்படிப் பொழைக்குது, டீச்சர்?"

"உயிரோட இருக்கிற மரத்துக்குள்ள உறிஞ்சு வேரை இறக்கி, சாரத்தைக் குடிக்கும். விட்டா மரத்துக்கே ஆபத்து."

"என்ன பண்ணணும்?"

"வெட்டணும். இதைக்கூடவா கேக்கணும்?"

"வீட்டுக்குள்ள ஒண்ணு இருந்தா?"

சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தேன். பல் இல்லாத மாமா, நேற்றைய அரிசிமாவு அக்கி ரொட்டியை ஆறிப்போன காபியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமாவையா சொல்றீங்க?" என்றாள். "அவர் புல்லுருவி இல்லீங்க, காளான்."

"ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டும் உழைக்கிறதில்லை."

"ஒண்ணு உயிரை உறிஞ்சும். இன்னொண்ணு செத்ததைத்தான் தொடும். மாமா போட்டிருக்கிற கோட்டு யாரோடது?"

"செத்துப்போன உங்கப்பாவோடது."

"படுக்கிற கட்டில்?"

"அதுவும் அவரோடதுதான்."

"படிக்கிற பேப்பர்?"

"போன வாரத்தது."

"தின்னுறது?"

"மீந்தது," என்றேன். குரல் ஏனோ இறங்கியது.

"காளானுக்கு வயிறு கிடையாது. வெளியிலயே கரைய வெச்சு, அப்புறம் உறிஞ்சிக்கும்."

மாமா கிண்ணத்தை எடுத்து, கரைந்த ரொட்டியைச் சத்தமாக உறிஞ்சினார்.

"இப்ப உங்க கதைக்கு வாங்க. உங்களுக்கு ரொட்டி?"

"சூடா."

"பன்னிக்கறி?"

"அன்னன்னிக்கு வெச்சது."

"சீப்பு எங்கே, சாக்ஸ் எங்கேன்னு காலையிலேருந்து என்னை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"ஒம்போது."

"பதினொண்ணு, மாப்ளே," என்றார் மாமா.

"அதோட, வெளியிலேருந்து வந்து இந்த வீட்டில ஒட்டிக்கிட்டது யாரு?"

தீச்சம்மாவின் கண் மேசையில் இருந்த கொத்துக்குப் போனது. பிறகு சுவரில் மாட்டியிருந்த கத்திக்குப் போனது. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. என் பெட்டி எந்தப் பரணில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதையும் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

"தீச்சம்மா," என்றேன், "நானும் காளானாவே இருந்துடறேனே."

"நீங்களாத்தான் கேக்கறீங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை, முந்தின நாள் ரொட்டி அத்தனையும் என் தட்டில் இருந்தது. மீந்தது தீர்ந்துபோனதால், அடுப்போரம் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வேறு வழியில்லாமல் சூடாகச் சுட்டுப் போட்டாள்.