மூணு ஷீட்டும் மீனிங் மாமுவும்

ராயபுரத்தில் இங்கிலீஷுக்கு முழுசாக அர்த்தம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ஃபைல் பார்த்த மீனிங் மாமு. பெயரைக் கேட்டு மீன் விற்கிறவர் என்று நினைத்து, வஞ்சிரம் என்ன விலை என்று விசாரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஏதாவது ஒரு அர்த்தம் சொல்லித்தான் அனுப்புவார்.

அர்த்தத்தோடு விடமாட்டார், அது பிறந்த கதையும் வரும். ஒருநாள் கேன்டீனில் கடைசி மீன் துண்டுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமு நடுவில் புகுந்து ‘பைப் டவுன்’ என்றார். அந்தக் காலத்துக் கப்பலில் விசில் ஊதி ஆட்களைப் படுக்க அனுப்புவார்களாம்; அதிலிருந்துதான் ‘சத்தம் போடாதே’ என்ற அர்த்தம் வந்ததாம். அரைமணி நேரம் விளக்கினார். எதற்குச் சண்டை என்பதையே இருவரும் மறந்துபோனார்கள். மீனைப் பூனை தின்றுவிட்டது.

போன வருஷம் ஒரு கேப்டனிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் செல்வம் ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ ஆகக் கப்பலுக்கு வந்தானாம். மேனேஜருக்குப் புரியவில்லை. போனில் தேடியிருக்கலாம், மாமு இருக்கும்போது எதற்கு? கூப்பிட்டுக் கேட்டார்.

செல்வம் வாசலருகே ஒன்றும் விளங்காமல் நின்றிருந்தான். அம்மாவைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாமு மெயிலைப் படித்தார். அவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு தார்ப்பாய் காத்துல பறந்துபோச்சாம் சார். நம்மாளு சரியா கட்டலன்னு எழுதிக்கீறாரு.”

மேனேஜர் உடனே மன்னிப்புக் கடிதத்தோடு மூன்று புதுத் தார்ப்பாய்களை அனுப்பினார். கேப்டன் என்ன நினைத்தாரோ, நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செல்வம்தான், தான் நன்றாகவே கட்டியதாக எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தான்.

மெயில் வந்த அன்று மாமு மத்தியானம் சாப்பிடவில்லை. டீக்கடைக்கு அழைத்துப்போய் விசாரித்தேன்.

“ஷீட்டுன்னா தார்ப்பாய் இல்ல நைனா. பாய்மரக் கப்பல்ல பாயை இழுத்துக் கட்ற கயிறு. மூணு கயிறு அவுந்துச்சுன்னா கப்பலு தள்ளாடும். இவன் ஃபுல்லா குடிச்சிட்டு வந்தான்னு எழுதிக்கீறாரு கேப்டன்.”

சொல்லியிருந்தால் செல்வத்துக்கு அன்றோடு வேலை போயிருக்கும். தெரிந்தே தப்பான அர்த்தம் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று, ஏதோ கொலை செய்துவிட்டவர் போலச் சொன்னார். அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதை வாங்கி ஊற்றிவிட்டு, சூடாக இன்னொன்று சொல்லி, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.