தேயிலைக் கோப்பையில் தோரா மீன்

புதிதாகத் தொழில் கற்றவனை நாலு பேர் கூடும் இடத்துக்கு அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள், அதுவும் பெண் பார்க்க.

எழுபதுகளில், பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர். தேயிலைச் சாயத்தை உறிஞ்சித் துப்பிக் குற்றம் சொல்வதும் என் வேலை. (குற்றம் சொல்வது மட்டும் நன்றாக வந்தது.)

பலசரக்குக் கடை முதலாளியின் மகள் சரோஜா. கடையில் ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவளைப் பெண் பார்க்கப் போகும் நாளில் என்னோடு வரவேண்டிய என் மாமா பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். பஸ்ஸைத் தவறவிட்ட நான் குறுக்குப் பாதையில் இறங்கினேன். மழைக்காலம், அட்டை மொய்க்கும். முழங்கால்வரை மண்ணெண்ணெய் தேய்த்து, மேலே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். ஓர் அட்டைகூட நெருங்கவில்லை.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் ஒரே கலவரம். கடலில் ஏதோ கப்பல் எண்ணெயைக் கொட்டிவிட்டதாம், மீனெல்லாம் நாறுகிறதாம். விருந்துக்கென்று முதலாளி முழுத் தோரா மீன் வாங்கியிருந்தார். மீன்காரன் 'தெல் நே' என்று, எண்ணெயே இல்லையென்று, சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான்.

"தம்பிக்கு மூக்குதானே சோறு போடுது, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

"ஒரு துண்டு பொரிச்சுக் குடுங்க, சொல்லிருவான்" என்றார் மாமா. (அவருக்குப் பசி.)

தேயிலை ருசி பார்க்க முறை என்று ஒன்று இருக்கிறதே! பீங்கான் கோப்பைகள் கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு மீன் துண்டு, மேலே கொதிநீர், மூடி. பாயில் சம்மணம் போட்டுக் குனிந்து, முகர்ந்து, தெருவுக்கே கேட்க உறிஞ்சி, ரோஜாத் தொட்டியில் துப்பினேன்.

"எண்ணெய்!"

"வால் துண்டுமா?"

"வாலும்தான்."

மீன் முழுதும் கொல்லைக்குப் போனது. அடுத்து கருவாடு. "அதே கப்பல்!" பருப்புச் சட்டியையும் முகர்ந்து முகம் சுளித்தேன்.

"பருப்பு கடல்ல வெளையாதே தம்பி?"

"கப்பல்லதானேங்க வருது!"

மாமாவின் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சரோஜா தேநீர் கொண்டுவந்தாள். எங்கள் தோட்டத்துத் தேயிலை! முகர்ந்தேன். வாய் சும்மா இருந்ததா?

"இதிலயும் இருக்குங்க."

சரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை என் வேட்டியின் ஈரக்கறையில் நின்றது.

"அப்பா, அந்தக் கப்பல் நம்ம பாயிலதான் ஒக்காந்திருக்கு. இவரு காலை மோந்து பாருங்க."

மாமாதான் குனிந்து முகர்ந்தார். (பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது.) கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் இருந்ததால் வீட்டாருக்கு அந்த வாடை உறைக்கவேயில்லை. கொல்லையில் பூனை தோராவின் தலையை முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

வெட்கத்தில் செத்துப்போனேன். சரோஜா இனிக் கிடைக்கமாட்டாள் என்று பாயை விட்டு எழுந்தேன். மகளிடம் தயங்கித் தயங்கி, "என்னம்மா சொல்ற?" என்றார் முதலாளி.

"மொதல்ல காலைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

கிணற்றடிக்கு ஓடினேன். ஒரு சவர்க்காரக் கட்டி முழுதும் கரைந்தது. அடுத்த தையில் கல்யாணம்.

இன்றைக்கும் சாப்பாட்டில் நான் குற்றம் சொல்ல வாயைத் திறந்தால், சரோஜா முதல் கடைக்குட்டிப் பேத்தி வரை ஒரே குரல்தான்: "மொதல்ல காலைக் கழுவிட்டு வாங்க!"

நானும் போய்க் கழுவிவிட்டு வந்து, மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்க்கிறேன். குழம்பில் உப்பு கூடுதல்தான்.