வலிப்பு இல்லா வார்டு

வெப்ப நாடுகளில் வலிப்பு நோய் மிகுதி என்றும், நோயாளிகளை எண்ணிய பின்னரே இலவச மாத்திரை அனுப்பப்படும் என்றும் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. மாடம்பாக்கத்தை அடுத்த எங்கள் வார்டு வெப்பத்தில் எவருக்கும் இளைத்ததன்று. ஆகவே சுகாதார அலுவலர் தட்சிணாமூர்த்தி படிவத்துடன் வீடு வீடாக எழுந்தருளினார்.

“வலிப்பு உண்டா?”

“சீச்சீ! பையனுக்குச் சும்மா மயக்கம் சார்.”

அடுத்த வீட்டில் தலைசுற்றல். அதற்கடுத்த வீட்டில் கண்ணேறு. இவற்றுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

அருள்மேரியின் மகள் ஜீவிதா, நாள்தோறும் இருவேளை வலிப்பு மாத்திரை விழுங்கிப் பொத்தேரிக்கு வேலைக்குப் போய் வருபவள். ஆயினும் குன்றத்தூரிலிருந்து பெண் பார்க்க வரும் வாரம் அது.

“எங்க வீட்ல யாருக்கும் இல்ல சார்,” என்றார் தாய்.

வார்டின் மொத்தம்: சுழியம். தட்சிணாமூர்த்திக்குப் புல்லரித்தது. ‘வலிப்பு இல்லா முன்மாதிரி வார்டு’ என்று பலகை எழுதப்பட்டது. திறப்பு விழாவுக்கு நாளும் குறிக்கப்பட்டது.

விழாவன்று காலை, மருந்தகச் சன்னலில் ஜீவிதா நின்றாள்.

“இல்லாத நோய்க்கு மாத்திரை எப்படிம்மா வரும்?” என்றார் மருந்தாளுநர் தேவானந்தம்.

அவள் நேரே விழாப் பந்தலுக்குச் சென்றாள். “சார், என்னை ஒண்ணுன்னு எழுதுங்க. கையில ரெண்டு மாத்திரைதான் இருக்கு.”

“திருத்த விண்ணப்பத்துல பதிவு பெற்ற நோயாளிதான் கையெழுத்துப் போடணும். நீ பதிவு பெறலியேம்மா!”

இவ்வாறு நீதி வழங்கிவிட்டு அலுவலர் ஒலிபெருக்கியைப் பற்றினார். “இவ்வார்டில் வலிப்பு என்னும் சொல்லுக்கே...” என்றவர் சரிந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

கூட்டத்தில் எவரும் எவரையும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்தும் சட்டைப்பையிலிருந்தும் சாவிக்கொத்துகள் புறப்பட்டன. பதினொரு வீட்டு இரும்பு அவர் கைக்குள் திணிக்கப்பட்டது.

“சாவியெல்லாம் எடுங்க!” என்று ஜீவிதா கத்தினாள். “ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க.”

கண் விழித்த அலுவலர், “தலைசுற்றல்,” என்று பதிவு செய்யச் சொன்னார்.

தேவானந்தம் சாவிகளை வாரிக்கொண்டு போய் மருந்தகச் சன்னலில் பரப்பினார். “தலைசுத்தலுக்கா சாவி குடுத்தீங்க? எந்த வீட்டுல யாருக்குன்னு பேர் எழுதிட்டு எடுத்துக்கோங்க. மாத்திரைக்கு நான் எழுதறேன்.”

அருள்மேரி தரையைப் பார்த்தார். ஜீவிதா பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். தன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி சன்னலருகே குனிந்தார். “அந்த மாத்திரை ஒரு அட்டை...”

“பேர் எழுதுங்க சார்.”

“நான் இந்த வார்டு இல்லையே,” என்று நகர்ந்தார்.

பத்துச் சாவிகள் சன்னலிலேயே கிடந்தன. அன்று மாலை வார்டெங்கும் பூட்டு உடைக்கும் ஓசை. என் வீட்டுப் பூட்டு பழையது. மூன்றாவது அடியிலேயே திறந்துகொண்டது.